ஊருக்குள் நுழையாமல் ஊர் சுற்ற: பைக் பயணக் கேள்வி-பதில்

கேள்வி: சென்னையிலிருந்து கன்னியாகுமரி. திருச்சி, மதுரை, நெல்லை எதற்குள்ளும் நுழையாமல் போக முடியுமா? (தாம்பரம்)

தாராளமாக. விக்கிரவாண்டி வரை திருச்சி சாலைதான். அங்கே பிரியும் கும்பகோணம் சாலையைப் பிடியுங்கள். பண்ருட்டி, வடலூர், சேத்தியாத்தோப்பு, அணைக்கரை, கும்பகோணம், தஞ்சாவூர், புதுக்கோட்டை, திருப்பத்தூர், சிவகங்கை, மானாமதுரை வரை ஒரே எண்: தேசிய நெடுஞ்சாலை 36. அப்புறம் நரிக்குடி, திருச்சுழி வழியாக அருப்புக்கோட்டை. எட்டயபுரம், தூத்துக்குடி தாண்டி, திருச்செந்தூரிலிருந்து உவரி வழியாகக் கடலோரமாகவே குமரி. 700 கி.மீ. என்பது 750 ஆகும், அவ்வளவுதான். ஒரே நாளில் முடியுமா என்று அடுத்த கடிதம் போடாதீர்கள். இரண்டு நாள். முதல் இரவு புதுக்கோட்டை. இருட்டுவதற்குள் ஸ்டாண்டு போட்டுவிடுங்கள்.

கேள்வி: காலை 7 மணிக்குக் கிளம்பினேன். செங்கல்பட்டு தாண்டவே இரண்டு மணி நேரம் ஆனது. வேறு வழி உண்டா? (வடபழனி)

4.30 மணிக்குக் கிளம்புவதுதான் வேறு வழி. இருட்டில் ஓட்டாதே என்று சொல்பவன் இதைச் சொல்லலாமா என்றால், செங்கல்பட்டு வரை பெரும்பாலும் தெருவிளக்கு இருக்கிறது. அதைத் தாண்டும்போது விடியத் தொடங்கியிருக்கும். எழுந்திருக்க முடியாதவர்கள் படப்பை, ஒரகடம், வாலாஜாபாத், உத்திரமேரூர், வந்தவாசி வழியாகத் திண்டிவனத்தில் சேரலாம். பொங்கல், தீபாவளிக்கு முந்தைய நாள் என்றால் இரண்டுமே வேண்டாம், வீட்டில் இருங்கள்.

கேள்வி: நல்ல ரூட் சொல்லவும். (ஊர் குறிப்பிடவில்லை)

எங்கிருந்து, எங்கே, எந்த வண்டி, எத்தனை நாள்? நான்கில் ஒன்றாவது எழுதியிருக்கலாம்.

கேள்வி: பைக்குக்கு ஃபாஸ்டேக் வாங்க வேண்டுமா? (ஓசூர்)

வேண்டாம். தேசிய நெடுஞ்சாலையில் இருசக்கர வண்டிக்குச் சுங்கக் கட்டணம் இல்லை.

கேள்வி: மேப்பில் டூவீலர் மோடு போட்டால் டிராஃபிக் இல்லாத வழியை அதுவே காட்டுமே, நீங்கள் தரும் ஊர்ப் பட்டியல் எதற்கு? (சேலம்)

காட்டும். எனக்கும் காட்டியது. மன்னார்குடிப் பக்கம், ஐப்பசி மழைக்கு மறுநாள், தார்ச்சாலையிலிருந்து திருப்பிவிட்டு ஒரு வாய்க்கால் கரையில் கொண்டுபோய் விட்டது. களிமண். பின்சக்கரம் பாதி புதைந்து நிற்கிறேன், போன் மட்டும் 'நேராகச் செல்லவும்' என்கிறது. வாத்து மேய்த்துக்கொண்டிருந்த பெரியவர் வந்து தள்ளிவிட்டார். "நேத்திக்கும் ஒரு தம்பி வந்துச்சுங்க, இதே எடத்துலதான்" என்றார்.

மேப்புக்குத் தெரிவது தூரமும் நேரமும். வண்டி நுழையும் என்றால் அதற்கு அது ரோடு. வாரச்சந்தை என்றைக்கு, பள்ளிக்கூடம் எப்போது விடும், பெயின்ட் அடிக்காத வேகத்தடை எங்கே, இதெல்லாம் அதற்குத் தெரியாது. முதல் நாள் இரவு மேப்பைப் பெரிதாக்கிப் பார்த்து, 40, 50 கி.மீ.க்கு ஒரு ஊராகப் பெயர்களைத் துண்டுச்சீட்டில் எழுதி டேங்க் மேல் ஒட்டுங்கள். சந்தேகம் வந்தால் டீக்கடையில் கேளுங்கள். ஆனால் 'குறுக்கு வழி எது?' என்று கேட்காதீர்கள். அது மேப்பை விட மோசமான இடத்தில் கொண்டுபோய் விடும். 'அந்த ஊருக்குப் பஸ் எந்தப் பக்கமாகப் போகும்?' என்று கேளுங்கள். பஸ் போகிற ரோட்டில் பாலம் இருக்கும், பஞ்சர் கடை இருக்கும், விழுந்தால் தூக்கிவிட ஆளும் இருக்கும். இதைப் பத்துத் தடவையாவது எழுதியிருப்பேன்.

கேள்வி: பெங்களூரு போகாமல் மைசூரு? (திருவண்ணாமலை)

கிருஷ்ணகிரி, தர்மபுரி, மேட்டூர், பாலாறு, மாதேஸ்வரன் மலை, கொள்ளேகால். மேட்டூரிலேயே டேங்கை நிரப்புங்கள். காட்டுச் சாலை, யானை நடமாட்டம் உண்டு, பகலில் கடந்துவிடுங்கள். பெங்களூரு–மைசூரு விரைவுச் சாலையை நம்பி யாரும் போக வேண்டாம். 2023 ஆகஸ்ட் 1 முதல் அதன் பிரதானத் தடத்தில் பைக் ஏறக் கூடாது, சர்வீஸ் ரோடுதான்.

கேள்வி: கிராமத்துச் சாலையில் கதிர் காயப்போட்டிருந்தால் ஏறிப் போகலாமா? (அரியலூர்)

இடமிருந்தால் ஒதுங்கிப் போங்கள். ஏறித்தான் ஆக வேண்டும் என்றால் முன்பே வேகத்தைக் குறைத்துவிட்டு, கதிர்மேல் பிரேக்கைத் தொடாமல் நேராகப் போங்கள். தாண்டியதும் நிறுத்தி, செயினிலும் சைலன்சரிலும் சிக்கிய வைக்கோலை எடுங்கள். சூடான சைலன்சரில் காய்ந்த வைக்கோல் பற்றிக்கொள்ளும்.

கேள்வி: மனைவியும் வருகிறார். ஒரு நாளைக்கு எத்தனை கி.மீ. ஓட்டலாம்? (ஈரோடு)

வண்டியைக் கேட்டால் 400 என்னும். உங்களைக் கேட்டால் 350 என்பீர்கள். நீங்கள் கேட்க வேண்டியது பின்சீட்டில் இருப்பவரை. என் கணக்கு 250. பின்சக்கரத்துக்கு இருவருக்கான காற்றை அடித்துக்கொள்ளுங்கள். அளவு செயின் கவர் ஸ்டிக்கரிலோ கையேட்டிலோ இருக்கும். அப்புறம், இருட்டுவதற்குள் ஸ்டாண்டு.