இரண்டு விவியன்கள்

அன்புள்ள ஐயா,

'தி ஃபிரெஷ் பிரின்ஸ் ஆஃப் பெல்-ஏர்' என்ற பழைய அமெரிக்க நகைச்சுவைத் தொடரை மகளோடு முதலிலிருந்து பார்த்து வருகிறேன். நான்காவது சீசனில் குடும்பத் தலைவி விவியனாக வேறொருவர் வந்து நின்றதும் எனக்கு ஒட்டவே இல்லை. மகள் பார்க்கிறாள், நான் எழுந்து போய்விடுகிறேன். நம் தொடர்களிலாவது 'இவருக்குப் பதில் இவர்' என்று ஓர் அறிவிப்புப் போடுவார்கள். புதியவருக்கு நடிக்க வரவில்லையா, எனக்குத்தான் மனம் வரவில்லையா?

ஆர்., மதுரை

அன்புள்ள ஆர்.,

உங்கள் மனத்தில் குறை இல்லை. புதிதாக வந்த டாஃப்னி மேக்ஸ்வெல் ரீடின் நடிப்பிலும் இல்லை. முதல் மூன்று சீசன்களில் விவியனாக நடித்த ஜேனட் ஹ்யூபர்ட்டோடு சேர்ந்து அவருக்காக எழுதப்பட்ட காட்சிகளும் போய்விட்டன. உங்களை உறுத்துவது அதுதான் என்று நினைக்கிறேன்.

இரண்டாவது சீசனில் விவியனுக்கு நாற்பது வயதாகும் அத்தியாயத்தை நினைத்துப் பாருங்கள். நடனத் தேர்வுக்குப் போகிறார். அங்கிருக்கும் இளம் பெண்கள் இளக்காரமாகப் பார்க்கிறார்கள். இளஞ்சிவப்பு நடன உடையில் அவர் ஆடத் தொடங்கியதும் அந்தப் பார்வை இருந்த இடம் தெரியாமல் போகிறது. ஹ்யூபர்ட் நியூயார்க்கின் ஜூலியார்ட் கலைப் பள்ளியில் பயின்றவர், அந்நகரின் பிராட்வே நாடக மேடையில் 'கேட்ஸ்' இசை நாடகத்தின் முதல் குழுவில் ஆடியவர். அந்த உடம்பில் இருந்த பயிற்சியை நம்பித்தான் அப்படி ஒரு காட்சியை எழுதியிருக்க முடியும்.

முதல் சீசனில் விவியன், தன் வீட்டில் வளரும் சகோதரி மகன் வில்லின் (வில் ஸ்மித் நடித்த பாத்திரம்) பள்ளிக்குக் கறுப்பின வரலாறு கற்பிக்க வருகிறார். கறுப்பின உரிமைத் தலைவர் மால்கம் எக்ஸின் சுயசரிதையைப் படித்துவிட்டதாக வில் பெருமை பேசுகிறான். சுவரொட்டி மாட்டிக்கொள்வதும் முழக்கமிடுவதும் போதாது, முழு உண்மையும் தெரியாமல் பேசினால் ஒரு மனிதரின் வாழ்க்கையையே மலிவாக்குகிறாய் என்று அவனை உட்கார வைக்கிறார். ஒரு நகைச்சுவைத் தொடரில் தாயின் இடத்தில் இருக்கும் பெண்ணுக்கு இப்படியொரு குரல் கிடைப்பது அரிது. எனக்கு இன்றும் சிலிர்க்கும் இடம் இது.

மூன்றாவது சீசன் நடக்கும்போது ஹ்யூபர்ட் கருவுற்றார். கதையிலும் விவியனுக்கு நிக்கி பிறந்தான். அடுத்த சீசனுக்குப் பத்து வார வேலை மட்டுமே தருவதாகவும், வெளியே வேறெங்கும் நடிக்கக் கூடாது என்றும் ஒப்பந்தம் வந்ததாக அவரே சொல்லியிருக்கிறார். கைக்குழந்தையோடு இருக்கும் ஒருவர் இதற்கு எப்படி ஒப்புக்கொள்வார்? மறுத்தார். 1993 செப்டம்பரில் ரீட் வந்தார். அறிவிப்பு இல்லை என்கிறீர்களே, அதற்குப் பதிலாக வில்லின் நண்பன் ஜாஸ் விவியனிடம் ஒரு வசனம் சொல்கிறான்: குழந்தை பிறந்ததிலிருந்து உங்களிடம் ஏதோ மாறியிருக்கிறது, திருமதி பேங்க்ஸ். வில் கேமராவைப் பார்க்கிறான், அரங்கம் சிரிக்கிறது. அன்று சிரித்தேன். பின்னால் நடந்ததை அறிந்த பிறகு என்னால் சிரிக்க முடியவில்லை.

காரணம், 'ஒத்துப்போக மாட்டார்' என்ற பேச்சு ஹ்யூபர்ட்டைப் பல ஆண்டுகள் துரத்தியது. ஹாலிவுட்டில் ஒரு கறுப்பினப் பெண்ணைப் பற்றி அப்படிச் சொல்வது அவள் பிழைப்பையே முடித்துவிடும் என்று 2020இல் வில் ஸ்மித்திடம் அவர் நேரிலேயே சொன்னார். இருவரும் சந்தித்து 27 ஆண்டுகள் ஆகியிருந்தன. தொடரில் நடித்த நாட்களில் தனக்கு வயது 21, எல்லாவற்றையும் அச்சுறுத்தலாகவே பார்த்தேன் என்று ஸ்மித் ஒப்புக்கொண்டார். ஹ்யூபர்ட்டின் வாழ்க்கையில் என்ன நடந்துகொண்டிருந்தது என்று அந்த வயதில் ஸ்மித் கேட்டிருக்க வேண்டும். என்றாலும், கேமரா முன்னால் அமர்ந்து அதைக் கேட்டுக்கொண்டதை நான் மதிக்கிறேன்.

ரீடுக்குக் கிடைத்த விவியன் பெரும்பாலும் கணவனையும் பிள்ளைகளையும் அமைதிப்படுத்துகிறவர். கொடுத்ததைக் கண்ணியமாகச் செய்தார். கணவனாக நடிக்கும் ஜேம்ஸ் ஏவரி கோபத்தில் இரையும்போது அவர் தோளில் ரீட் கை வைக்கும் விதத்தில் பல வருடத் தாம்பத்தியம் தெரிகிறது. நிறம் வெளுத்த விவியன் என்று அவரைக் குறை சொன்னவர்கள் உண்டு. அந்தக் கேள்வி நியாயமானதுதான். ஆனால் ஆளைத் தேர்ந்தெடுத்தவர்களிடம் கேட்க வேண்டியது.

மகளிடம் அந்த நடனத்தை இன்னொரு முறை போடச் சொல்லுங்கள். பிறகு நான்காவது சீசனுக்கு அவளோடு வந்து உட்காருங்கள். இந்த முறை எழுந்து போகாதீர்கள்.