சொல்லுக்குள் ஒரு பறவை

கேள்வி: திருமண அழைப்பிதழில் ‘ஆஸ்பிஷியஸ்’ என்ற ஆங்கிலச் சொல் ‘மங்களகரமான’ என்ற பொருளில் வருகிறது. சங்கம் ஒன்று விழா நடத்தினால் ‘அண்டர் தி ஆஸ்பிசஸ் ஆஃப்’ என்று அச்சிடுகிறார்கள். அங்கே ‘ஆதரவில்’ என்று பொருளாகிறது. இரண்டும் ஒரே சொல்லா?
— வாசகி, தஞ்சாவூர்

பதில்: ஒரே வேர்தான். இலத்தீனில் ‘அவிஸ்’ என்றால் பறவை. ‘ஸ்பெகெரே’ என்றால் பார்த்தல். இரண்டும் சேர்ந்து பறவையைப் பார்த்துக் குறி சொல்பவர் ‘ஆஸ்பெக்ஸ்’ ஆனார். அவர் பார்த்த குறி ‘ஆஸ்பிகியம்’ ஆயிற்று.

பழைய ரோமானியர்கள் பறவைகள் பறக்கும் திசையையும் எழுப்பும் குரலையும் கவனித்ததோடு நிற்காமல், படை புறப்படும்போது கூண்டில் கோழிகளையும் உடன் கொண்டுபோனார்கள். கூண்டைத் திறந்து தீனி போடும்போது, அலகிலிருந்து தரையில் சிந்தும் அளவுக்கு அவை ஆவலாகத் தின்றால் நல்ல சகுனம். தின்ன மறுத்தால் கெட்ட சகுனம். கி.மு. 249-இல் சிசிலித் தீவின் திரெபானா துறைமுகத்தைத் தாக்கச் சென்ற தளபதி கிளாடியுஸ், கோழிகள் தீனியைத் தொடவில்லை என்று கேட்டதும், ‘தின்னாவிட்டால் குடிக்கட்டும்’ என்று சொல்லி அவற்றைக் கடலில் வீசச் செய்தார் என்று ரோமானியர்கள் சொல்லிவந்தார்கள். அந்தப் போரில் அவர் 90-க்கும் மேற்பட்ட கப்பல்களைக் கார்த்தேஜ் நாட்டாரிடம் பறிகொடுத்தார்.

போர்க்களத்தில் இக்குறியைப் பார்க்கும் உரிமை தலைமைத் தளபதிக்கே இருந்தமையால், அவருக்குக் கீழ்ப்பட்டவர் போரிட்டு வென்றாலும், வெற்றி தலைவர் பார்த்த குறியின் கீழ்க் கிடைத்ததாகவே கருதப்பட்டது. தாங்கள் கேட்ட ‘ஆதரவு’ என்ற பொருள் இவ்வழியில் வந்தது. குறி நல்லதாக அமைவதிலிருந்து ‘மங்களம்’ என்ற பொருள் வந்தது. திறப்பு விழாவைச் சொல்லும் ‘இனாகுரேஷன்’ என்ற சொல்லும், ‘ஆகுர்’ எனப்பட்ட நிமித்திகரின் பெயரிலிருந்து பிறந்ததே.

நம் அகராதிகள் ‘மங்களகரமான’ என்பதோடு நின்றுவிடுவது எனக்கு வருத்தமே, ஏனெனில் இந்தச் சொல்லின் கதையைத் தமிழர் எளிதில் உணர முடியும். இலத்தீனோடு எந்த உறவும் இல்லாமலேயே, தமிழில் ‘புள்’ என்ற சொல் பறவையையும் குறித்தது, நிமித்தத்தையும் குறித்தது. வல்வில் ஓரியைப் பாடிய கழைதின் யானையார், பரிசில் பெறாமல் திரும்புவோர் தாம் புறப்பட்ட வேளையின் புள்ளையும் பொழுதையும் பழிப்பார்களே அல்லாமல், தாம் நாடிச் சென்றவரைப் பழிக்கமாட்டார்கள் என்கிறார். புறநானூற்றில் அது 204-ஆம் பாடல்.