ஈற்றடி கொடுத்தால் பாடுவார்களா?

கேள்வி: ஸ்பானிஷ் மொழியில் பாடும் லத்தீன் ராப்பர் ஒருவரின் ஃப்ரீஸ்டைல் ஆல்பத்தைத் தோழிகள் சேர்ந்து கேட்டோம். ‘பல்லவியே இல்லை, எல்லாம் ஒரே தாளம்’ என்றாள் ஒருத்தி. ‘மூச்சு வாங்குவதும் தடுமாறுவதும்கூட அப்படியே இருக்கின்றன, திருத்தியிருக்க வேண்டாமா?’ என்றாள் இன்னொருத்தி. மூன்றாமவளோ இதற்கு இணையே இல்லை என்கிறாள். எங்களில் யாருக்கும் ஸ்பானிஷ் தெரியாது. யார் சொல்வது சரி?
- வாசகி, பெரம்பூர்

பதில்: நான் மூன்றாமவர் பக்கம். ஆனால் முதல் தோழியின் குறையைத் தள்ளிவிட முடியாது. எழுதிவைக்காமல் அந்த இடத்திலேயே வரிகளைக் கட்டிப் பாடும் ஃப்ரீஸ்டைல் நேரில் கேட்கவேண்டிய கலை, ஆல்பத்துக்குள் வரும்போது அது எதையோ இழந்துதான் வருகிறது.

சில ஆண்டுகளுக்கு முன் ராயபுரத்தில் ஒரு கானா கச்சேரி. தாமதமாக வந்து அமர்ந்தவரின் சட்டைப் பையில் ரயில் சீசன் டிக்கெட் துருத்திக்கொண்டிருந்ததைப் பார்த்த பாடகர், அடுத்த அடியிலேயே கடற்கரையில் ஏறி, நிலையங்களை ஒவ்வொன்றாகப் பாடிக்கொண்டே போய், தாம்பரத்தில் அவரை இறக்கிவிட்டார். கூட்டம் எழுந்து நின்று கைதட்டியது. மறுநாள் கைப்பேசிப் பதிவில் அதே பாட்டைக் கேட்டேன், பாதிதான் இருந்தது. அந்த டிக்கெட்டைப் பதிவில் பார்க்க முடியாதே! உங்கள் முதல் தோழிக்குக் கிடைக்காமல் போனதும் அதுதான்.

இரண்டாமவரின் கருத்தை நான் ஏற்கவில்லை. மூச்சையும் தடுமாற்றத்தையும் வெட்டியெடுத்தால், வரி அந்தக் கணத்தில்தான் பிறந்தது என்பதற்கான அடையாளமே போய்விடும். அதே வேளையில், நியூயார்க்கின் தொடக்ககால ராப்பர்கள், குறிப்பிட்ட பொருள் எதிலும் கட்டுப்படாமல் எழுதிவைத்த வரிகளையும் ஃப்ரீஸ்டைல் என்றே அழைத்தார்கள். அங்கேயே கட்டிப் பாடுவது என்ற பொருள் பிறகுதான் வலுப்பெற்றது. ஆகவே அட்டையில் அச்சிட்ட சொல்லை மட்டும் நம்பி முடிவுக்கு வரவேண்டாம்.

மொழி தெரியாதவர் எதைக் கேட்பது? இயைபை, அதாவது வரிகளின் ஈறுகள் ஒலியில் ஒத்துப்போவதைக் கேளுங்கள். ஸ்பானிஷ் மொழியில் ஏராளமான சொற்கள் ‘ஆர்’, ‘ஆதோ’, ‘சியோன்’ என்று ஒன்றுபோல முடிவதால், அந்த ஈறுகளை அடுக்குவது நாம் ‘வந்தான், போனான்’ என்று அடுக்குவது போல எளிது. தேர்ந்த ராப்பர் கடைசிச் சொல்லோடு நிற்காமல், அதற்கு முந்தைய இரண்டு மூன்று சொற்களின் உயிரொலிகளையும் அடுத்த வரியில் அதே வரிசையில் திரும்பக் கொண்டுவருவார். அகராதி இல்லாமலே காது இதைப் பிடித்துக்கொள்ளும்.

இந்தத் திறமை ஹிப் ஹாப்போடு வந்ததும் அல்ல. புவெர்ட்டோ ரிக்கோவிலும் கியூபாவிலும் ‘தெசிமா’ என்ற பாவகை உண்டு: பத்து அடிகள், அடிக்கு எட்டு ஒலியசைகள், முதலடியின் இயைபு நான்கிலும் ஐந்திலும் திரும்பும், இரண்டாமடியும் மூன்றாமடியும் தமக்குள் இயைபு கொள்ளும். சபையில் ஒருவர் கடைசி அடியைக் கொடுக்க, பாடகர் அதில் வந்து முடியும்படி மற்ற ஒன்பது அடிகளையும் அங்கேயே கட்டுவார். ஈற்றடி கொடுத்து வெண்பா பாடச் சொன்ன நம் ஆசுகவி மரபை அறிந்தவர்களுக்கு இதைவிட நெருக்கமான உறவு வேண்டுமா? அர்ஜென்டினாவின் புவேனஸ் அயர்ஸ் நகரிலுள்ள ரிவதாவியா பூங்காவில் 2012 முதல் 2017 வரை இளைஞர்கள் ‘ஐந்தாம் படிக்கட்டு’ என்ற பெயரில், நேருக்கு நேர் நின்று அங்கேயே வரி கட்டி மோதி நடத்திய ராப் போட்டிகளைப் பார்க்கும்போதும், ஸ்பானிஷ் பேசும் நாடுகளின் ராப்பர்களுக்காக 2005-இல் தொடங்கிய ‘சேவல் சண்டை’ போட்டியைப் பார்க்கும்போதும் எனக்கு இந்த நினைவுதான் வரும். உங்கள் ஆல்பத்துக்குப் பிறகு அத்தகைய ஒரு போட்டியின் காணொளியையும் நால்வரும் சேர்ந்து பாருங்கள். எதிராளியின் முகம் மாறும் இடத்தில் முதல் தோழியின் கருத்தும் மாறக்கூடும்.

கேள்வி: ‘லத்தீன் ஃப்ரீஸ்டைல்’ என்று தேடினால் ராப் வராமல் பழைய நடனப் பாட்டு வருகிறதே?
- வாசகர், திருவான்மியூர்

பதில்: அது 1980-களில் நியூயார்க்கிலும் மயாமியிலும் வளர்ந்த மின்னணு நடன இசை, பெயர் மட்டுமே ஒன்று. நீங்கள் தேடுவது ராப் என்றால், சைப்ரஸ் ஹில் குழுவின் 1991 ஆல்பத்தையும், தனி லத்தீன் ராப்பர்களில் முதன்முதலாக பிளாட்டினம் (அமெரிக்காவில் பத்து லட்சம் பிரதிகள்) விற்பனையைத் தொட்ட பிக் பன்னின் 1998 ஆல்பத்தையும் முதலில் கேளுங்கள். இரண்டும் பெரும்பாலும் ஆங்கிலத்தில் அமைந்தவை, எழுதிப் பாடியவை. பிக் பன் மூச்சுவிடாமல் இயைபுகளை அடுக்கும் இடங்களைக் கேட்டுவிட்டு ஃப்ரீஸ்டைல் பக்கம் போனால், எதைக் கவனிப்பது என்று காதுக்குத் தெரிந்திருக்கும்.