குடை போச்சு என்றால் என்ன ஆச்சு?

டீச்சர் பதில்கள்

கேள்வி: மூன்றாம் வகுப்பு எடுக்கிறேன். ‘மழை நாள்’ என்று கட்டுரை கொடுத்தால் எல்லாப் பிள்ளைகளும் நாலு வரியில் முடித்துவிடுகிறார்கள். ‘விவரமாக எழுது’ என்றால் ‘அழகான மழை’ என்பது ‘மிக அழகான மழை’ ஆகிறது. பார்வையற்றவர்களுக்காக ஒலி விவரிப்பு (திரையில் நடப்பதைக் குரலில் சொல்வது) சேர்த்த வீடியோக்களை வைத்து வர்ணனை எழுதப் பழக்கலாம் என்று ஒரு பயிற்சியில் சொன்னார்கள். பலிக்குமா?

பதில்: பலிக்கும். நான் அதைத் தெரிந்துகொண்டது தற்செயலாகத்தான்.

அந்த வருடம் என் வகுப்பில் பார்வையில்லாத மாணவி ஒருத்தி இருந்தாள். ஜன்னல் வழியாக நான் போனில் பிடித்த 40 விநாடிக் காட்சி ஒன்றை வகுப்பில் போட்டேன். எதிர்க்காற்றில் ஒரு பெண் குடையோடு நடந்து போகிறாள், அவ்வளவுதான். பேச்சே கிடையாது. அந்தச் சிறுமி பக்கத்துப் பையனிடம் “என்ன நடக்குது?” என்று கேட்டாள். கட்டுரை நோட்டில் மூன்று வரியைத் தாண்டாத பையன் அவன்.

“ஒரு அக்கா போறாங்க. காத்து அடிக்குது. குடை போச்சு.”

“போச்சுன்னா? பறந்துபோச்சா, கிழிஞ்சுபோச்சா, கையிலேருந்து விழுந்துபோச்சா?”

பையன் முழித்தான். மறுபடி போடச் சொன்னான். மூன்றாவது தடவை பார்த்துவிட்டுச் சொன்னான்: “குடை மேல்பக்கமா மடங்கிடுச்சு, கிண்ணம் மாதிரி. கம்பியெல்லாம் வெளியே தெரியுது. அக்கா அதைக் காத்துக்கு நேரா திருப்புறாங்க. டப்புன்னு பழையபடி ஆயிடுச்சு.”

நானாக இருந்தால் ‘குடை போச்சு’ என்பதற்கே சரி போட்டிருப்பேன். ஏனென்றால் நானும் அந்தக் குடையைப் பார்த்தவள். மழையை எல்லோருக்கும் தெரியும், டீச்சருக்கு நன்றாகவே தெரியும், பிறகு யாருக்காக விவரிப்பது? பிள்ளைகள் நாலு வரியில் நிறுத்துவதில் ஒரு நியாயம் இருக்கிறது. காட்சியைப் பார்க்காத ஒருவரைக் கேட்பவராக உட்கார வையுங்கள். உங்கள் வகுப்பில் பார்வையில்லாத பிள்ளை இருந்தே ஆக வேண்டும் என்பதில்லை. பாதிப் பேரை வெளியே அனுப்பிவிட்டு மீதிப் பேருக்கு மட்டும் காட்சியைக் காட்டினாலும் போதும்.

ஒலி விவரிப்பு தொடங்கியதும் இப்படி ஒரு தேவையிலிருந்துதான். 1981-இல் வாஷிங்டனில் அரீனா ஸ்டேஜ் என்ற அரங்கில் நாடகங்களுக்கு இதை ஏற்பாடு செய்தவர்களில் முக்கியமானவர் மார்கரெட் ஃபான்ஸ்டீல். அவரே பார்வையை இழந்தவர். வசனங்களுக்கு இடையே கிடைக்கும் மௌனத்தில், மேடையில் என்ன நடக்கிறது என்று ஒருவர் மைக்கில் சொல்ல, காதில் கருவி மாட்டியவர்கள் கேட்டார்கள். பிறகு தொலைக்காட்சிக்கு வந்தது. நெட்ஃபிளிக்ஸ் 2015-இல் இதைச் சேர்க்கத் தொடங்கியது.

அந்த ‘வசனங்களுக்கு இடையே’ என்பதைக் கொஞ்சம் கவனியுங்கள். இடைவெளி 6 விநாடி என்றால் 6 விநாடிதான். என் வாயால் அதில் பத்துப் பன்னிரண்டு சொற்களுக்கு மேல் சொல்ல முடிந்ததில்லை. சட்டையின் நிறத்தைச் சொல்வதா, அவன் கதவுக்குப் பின்னால் ஒளிந்ததைச் சொல்வதா? விடவேண்டியதை விட்டுவிடவும் பிள்ளைகள் இங்கே பழகிக்கொள்கிறார்கள். வர்ணனை என்றால் அடைமொழியை அடுக்குவது என்று நாம்தான் அவர்களைக் கெடுத்து வைத்திருக்கிறோம்.

தமிழில் இன்னொரு சிக்கலும் உண்டு. நமக்கு வினை கடைசியில் வரும். ‘நீலச் சட்டை போட்ட, ஒல்லியான, சுருட்டை முடிக்காரப் பையன்’ என்று ஆரம்பித்தால், அவன் ஓடுகிறானா விழுகிறானா என்று தெரிவதற்குள் நேரம் முடிந்துவிடும். உடைத்துச் சொல்லப் பழக்குங்கள்: ‘பையன் ஓடுகிறான். சுருட்டை முடி. ஒரு கால் செருப்பைக் காணோம்.’

கேள்வி: என் பிள்ளைகள் வாயால் பிரமாதமாகச் சொல்கிறார்கள். எழுதச் சொன்னால் அத்தனையும் காய்ந்துபோகிறது. என்ன செய்வது?

பதில்: பேச்சுத் தமிழிலிருந்து எழுத்துத் தமிழுக்குத் தாவும்போது எட்டு வயதுப் பிள்ளை கையில் இருப்பதையெல்லாம் கீழே போட்டுவிடுகிறது. ‘டப்புன்னு’ என்பதை எழுதலாமா என்ற பயத்தில் அந்த வரியையே விட்டுவிடும். அதனால் நான் முதலில் எழுதச் சொல்வதில்லை. காட்சியை ஓடவிட்டு அதன் மேல் பேசச் சொல்லி, போனில் பதிவு செய்வேன். அதைத் திரும்பப் போட்டு, கேட்டுக் கேட்டு எழுதவேண்டும். ‘போறாங்க’ என்பது ‘போகிறார்’ ஆகட்டும், ‘டப்புன்னு’ என்பது ‘டப்பென்று’ ஆகட்டும். நொண்டுவது, பதுங்குவது, தத்தித் தத்தி நடப்பது எல்லாம் பேச்சிலேயே வந்துவிடும். நோட்டில் ‘நடந்தான்’ என்று சப்பையாக்காமல் பார்த்துக்கொள்வதுதான் உங்கள் வேலை. மினுமினு, சலசல, வழவழ மாதிரி இரட்டைக்கிளவிகளைப் பட்டியலாக மனப்பாடம் செய்யவைத்த காலம் எனக்கும் உண்டு. அன்றைக்கு ஒருத்தரும் அவற்றைப் பயன்படுத்தவில்லை. ஈரத் தரையைப் பார்க்காதவருக்குச் சொல்லவேண்டி வந்தபோது ‘பளபள’ தானாக வந்தது.

கேள்வி: ‘கோபமாகப் பார்க்கிறாள்’ என்று எழுதக்கூடாது, கண்ணில் பட்டதை மட்டும் எழுதவேண்டும் என்கிறார் சக ஆசிரியர். அப்படியா?

பதில்: விவரிப்பு எழுதுபவர்களிடையே ஓயாமல் நடக்கும் சண்டை இது. கண்டதைச் சொல், கருத்தைச் சொல்லாதே என்பது பழைய விதி. பயிற்சியாக நல்ல விதிதான். ‘புருவத்தை நெரிக்கிறாள், உதட்டை இறுக்குகிறாள்’ என்று எழுதிய பிள்ளை முகத்தை உண்மையாகவே பார்த்திருக்கிறது. நமக்கு இது புதிதும் இல்லை. மனத்தில் உள்ளது உடம்பில் தெரிவதைத்தான் தொல்காப்பியம் மெய்ப்பாடு என்கிறது. நகை, அழுகை, வெகுளி என்று எட்டு வகையாகப் பிரித்தும் வைத்திருக்கிறது. ஆனால் 3 விநாடிதான் இருக்கிறது என்றால் ‘கோபமாக’ என்றே சொல்லிவிட்டுப் போகட்டும். சக ஆசிரியரிடம் ரொம்ப வாதாட வேண்டாம்.

கேள்வி: பிள்ளைகளின் கண்ணைக் கட்டிவிட்டு வீடியோவைக் கேட்க வைக்கலாமா? பார்வையற்றவர்களின் நிலை புரியுமே.

பதில்: கண்ணைக் கட்டினால் தடுமாற்றம்தான் புரியும். பார்வையில்லாமல் வாழ்ந்து பழகியவர் அப்படித் தடுமாறிக்கொண்டு இருப்பதில்லை. என் மாணவிக்குப் பாவம் பார்த்தவர்களைப் பிடிக்காது, ‘ஏதோ’ என்று சொல்பவர்களையும் பிடிக்காது. திரையை அணைத்துவிட்டு ஒலியை மட்டும் போடுங்கள், போதும்.

கேள்வி: இப்படிப்பட்ட வீடியோக்கள் எங்கே கிடைக்கும்? மதிப்பெண் எப்படிப் போடுவது?

பதில்: ஓடிடி தளங்களில் மொழியை மாற்றும் இடத்தில் ‘ஆடியோ டிஸ்கிரிப்ஷன்’ என்று தனியாக ஒரு தேர்வு இருக்கும். யூடியூப் வீடியோக்களுக்குத் தன்னார்வலர்கள் விவரிப்பு சேர்க்கும் யூடிஸ்கிரைப் என்ற தளமும் உண்டு. தமிழில் தேடினால் அவ்வளவாகச் சிக்காது. வேறு மொழி விவரிப்பை நீங்களே தமிழில் பேசிப் போடலாம். இன்னும் நல்லது, பேச்சில்லாத ஒரு நிமிடக் காட்சியை எடுத்து, விவரிப்பைப் பிள்ளைகளே செய்வது. ஒரு நிமிடத்துக்கு மேல் வேண்டாம். நீளமான காட்சி என்றால் கதைச் சுருக்கம் எழுத ஆரம்பித்துவிடுவார்கள்.

மதிப்பெண்ணுக்கு நான் ஒரு குறுக்குவழி வைத்திருந்தேன். எழுதியதை, காட்சியைப் பார்க்காத பிள்ளைக்குப் படித்துக் காட்டவேண்டும். அது கேட்டுக்கொண்டே படம் வரையும். பிறகு திரையில் காட்சியைப் போட்டுப் பக்கத்தில் படத்தைப் பிடிப்போம். ஒரு தடவை குடைக்காரப் பெண்ணை மரத்துக்கு மேலே வரைந்திருந்தான் ஒருவன். வகுப்பே சிரித்தது. வரைந்தவன் எழுதியவளின் நோட்டை வாங்கி விரலை வைத்துக் காட்டினான்: ‘மரத்துகிட்ட மேலே போறாங்க’ என்று இருந்தது. மேட்டில் ஏறுவதைத்தான் அவள் அப்படி எழுதியிருக்கிறாள். நான் சிவப்பு மையைத் தொடவே இல்லை. அவளே பென்சிலை எடுத்து ‘மேலே’ என்பதை அடித்துவிட்டு ‘மேட்டில்’ என்று எழுதினாள்.