கேள்வி பதில்: தைமாசம் காயிற புல்லு

கேள்வி: தெஹிவளையில வீடு. முன்பக்கத்தில கார் நிப்பாட்டினது போக மிஞ்சின இடத்தில போன வருஷம் புல்லுக் கார்பெட் வாங்கிப் பதிச்சனாங்கள். வைகாசி மழைக்குப் பச்சைப்பசேலெண்டு நிண்டது, தை பிறந்தோண்ண வைக்கோல் மாதிரிப் போயிட்டுது. மாசம் ஒருக்கா ஒரு ஆள் வந்து மெஷினால நிலத்தோட வழிச்சு வெட்டிப்போட்டுப் போறார். யூரியாவும் போட்டுப் பாத்தாச்சு. வருஷம் முழுக்கப் பச்சையா வச்சிருக்கேலாதா?
- வாசகி, தெஹிவளை

பதில்: அக்கா, குற்றவாளியை நீங்களே எழுதிட்டீங்கள். "நிலத்தோட வழிச்சு" எண்டதுதான் பிழை. புல்லு தனக்குச் சாப்பாடு செய்யிறது இலையிலதான், அதை மொத்தமா வழிச்சா வேரில இருக்கிற சேமிப்பை எடுத்துத்தான் திரும்பத் தளிர்க்கோணும், அதுக்குள்ள தைமாச வெயிலும் வந்தா பாவம் அது என்ன செய்யும். ஒரு தரத்தில மூண்டில ஒரு பங்குக்கு மேல வெட்டவேண்டாம். வெட்ட வாறவரையும் குறை சொல்லேலாது, மேலால வெட்டினா "இவ்வளவுதானோ வெட்டினது, இதுக்கா காசு" எண்டு கேக்கிற ஆக்கள் நாங்கள்தானே.

ஊரில, யாழ்ப்பாணப் பக்கம், ஐப்பசி கார்த்திகை அடைமழையோட கதை முடிஞ்சுது, கொழும்பில அப்பிடி இல்லை, வைகாசியில தென்மேல் பருவமழை ஒருக்கா, பிறகு ஐப்பசியில இடியோட இன்னொருக்கா. இந்த ரெண்டு காலத்திலயும் புல்லு பேய் மாதிரி வளரும், பத்து நாளுக்கு ஒருக்கா கொஞ்சம் கொஞ்சமா வெட்டுங்கோ. தை, மாசியில மெஷினை உயர்த்தி வச்சு நுனியை மட்டும் எடுத்தாக் காணும். நீளமா நிக்கிற புல்லு தன்ர வேருக்குத் தானே நிழல் குடுக்கும்.

தண்ணி பின்னேரத்தில வேண்டாம், இராமுழுக்க இலை ஈரமா இருந்தா பூஞ்சணம் பிடிக்கும். விடியக்காலமை ஊத்துங்கோ, அதுவும் ஒவ்வொரு நாளும் ஹோஸ் பைப்பால முகம் கழுவி விடுற மாதிரி இல்லை, கிழமைக்கு ரெண்டு தரம் மண் ஒரு விரல் ஆழத்துக்காவது நனையிற மாதிரி. மேலால மட்டும் நனைஞ்சா வேர் கீழ இறங்காது.

யூரியாவில 46 வீதம் நைதரசன், காஞ்ச மண்ணில போட்டா எரிச்சுப்போடும், கொட்டுற மழைக்கு முதல் நாள் போட்டா நேரா கானுக்குள்ளதான் போகும். தூறல் தொடங்கின நேரத்தில கொஞ்சமாத் தூவுங்கோ. எனக்கெண்டா சலிச்ச கொம்போஸ்ட்தான் விருப்பம், 2021இல ரசாயன உர இறக்குமதியை நிப்பாட்டின நேரம் எங்கட வீட்டுப் புல்லு அதோடதான் கிடந்தது, ஒண்டும் சாகேல்லை.

ஐப்பசியில தண்ணி தேங்குதெண்டா அலவாங்கால சாணுக்கு ஒரு ஓட்டை போட்டு ஆத்துமணல் நிரப்பி விடுங்கோ. பள்ளத்தில ஒரு கிழமை தண்ணி நிண்டாலே நுளம்புக்குப் போதும், அதோட டெங்கு, பிஎச்ஐ (பொதுச் சுகாதாரப் பரிசோதகர்) எண்டு வேற தலையிடி.

கேள்வி: புல்லுக்குள்ள கோரை வருது, பிடுங்கப் பிடுங்க ரெண்டு மடங்கா வருது. உப்புத்தண்ணி ஊத்தலாமோ?
- வாசகர், வத்தளை

பதில்: ஐயோ வேண்டாம் அண்ணை, உப்பு முதல்ல நல்ல புல்லைத்தான் சாக்கொல்லும். கோரைக்கு மண்ணுக்குள்ள சின்னக் கிழங்கு இருக்கு, ஒண்டில இருந்து ஒண்டு சங்கிலி மாதிரிப் போகும், நீங்கள் இலையைப் பிடிச்சு இழுக்க மேல்பகுதி மட்டும் கையோட வரும், கிழங்கு கீழ இருந்து சிரிக்கும். மழை பெஞ்சு மண் இளகினோண்ண கத்தியை ஆழமா விட்டுக் கிழங்கோட கிளப்புங்கோ. தப்பினது திரும்ப முளைக்கும், முளைக்க முளைக்க எடுத்தா கிழங்கு மெல்ல மெல்லச் சோர்ந்துபோகும். மாசக்கணக்கில பொறுமை வேணும். அடுத்த முறை கார்பெட் வாங்கேக்க அடிமண்ணைக் கிண்டிப் பாத்து வாங்குங்கோ, கனபேருக்கு அதோடதான் இந்தச் சனியன் வீட்டுக்கு வாறது.

கேள்வி: மாமரத்துக்குக் கீழ அருகம்புல்லு பிடிக்குதில்லை, ஏன்?
- வாசகி, கொட்டாஞ்சேனை

பதில்: அருகுக்கு நல்ல வெயில் வேணும் தங்கச்சி, நிழலுக்குள்ள எவ்வளவு உரம் போட்டும் பிரயோசனமில்லை. அகல இலைப் புல்லு ஓரளவுக்குத் தாங்கும். அதுவும் வராத அடிமரத்துப் பக்கம் நாலு கல்லைப் பதிச்சு விடுங்கோ, மற்ற இடத்தில விழுற மாவிலையை ஈர்க்கு விளக்குமாத்தால ஒவ்வொரு நாளும் கூட்டுங்கோ, மழைக்கு அது அப்பிடியே ஒட்டிக் கிடந்தா கீழ இருக்கிற கொஞ்ச நஞ்சமும் அழுகிப்போகும்.