அமெரிக்கக் கால்பந்து அணிகள் ஏன் ஊர் விட்டு ஊர் போகின்றன?

அமெரிக்கக் கால்பந்து லீக்கான என்எஃப்எல்லில், ஒன்றைத் தவிர எல்லா அணிகளும் தனியார் சொத்து. உரிமையாளர் தன் அணியை ஆட்டக்காரர்களோடு வேறு நகரத்துக்குக் கொண்டுபோவதுதான் இடமாற்றம். மொத்தமுள்ள 32 அணிகளில் 24 சம்மதிக்க வேண்டும்.

காரணம் பெரும்பாலும் மைதானம்தான். நாடு முழுவதற்குமான தொலைக்காட்சி ஒப்பந்தப் பணத்தை எல்லா அணிகளும் சமமாகப் பிரித்துக்கொள்கின்றன. மைதானத்தின் சொகுசு அறைகளும் விளம்பரப் பலகைகளும் தரும் வருமானமோ பெரும்பாலும் அந்தந்த அணிக்கே போகிறது. அதனால், புது மைதானம் கட்ட அரசுப் பணம் தரும் ஊர் உரிமையாளரை இழுக்கிறது. ஓக்லாந்தில் இருந்த ரைடர்ஸ் அணி 2020-இல் லாஸ் வேகஸுக்குப் போனது. அங்கே ஓட்டல் அறை வரியிலிருந்து மட்டும் 75 கோடி டாலர் மைதானத்துக்குக் கிடைத்தது.

நன்றாக ஓடும் மளிகைக் கடைக்காரரிடம் பக்கத்து ஊர்க்காரர்கள், "கட்டடம் நாங்கள் கட்டித் தருகிறோம், வாருங்கள்" என்று கூப்பிடுவது போலத்தான் இது. ஆனால் பழைய தெருவில் வேறு யாரும் கடை திறக்கலாம். இங்கே முடியாது. அணிகளின் எண்ணிக்கையை லீக்தான் தீர்மானிக்கிறது. ஊர்கள் போட்டி போட்டுக்கொண்டு மக்கள் வரிப்பணத்தைக் கொட்டுவது இதனால்தான். எனக்கு இது நியாயமாகப் படவில்லை.

ரசிகர்கள் கைவிட்டதால் அணி போய்விட்டது என்று பலர் நினைக்கிறார்கள். ஆனால் கிளீவ்லாந்து ரசிகர்கள் உயிராக நேசித்த பிரவுன்ஸ் அணியின் உரிமையாளரே 1996-இல் ஆட்டக்காரர்களோடு பால்டிமோருக்குப் போனார், ரசிகர்கள் போராடியதால் பெயரும் நிறங்களும் சாதனைகளும் கிளீவ்லாந்திலேயே தங்கின, 1999-இல் புது அணியும் வந்தது.