நூலகங்களில் இணைப்புத் தரவு: கேள்வி பதில்

கேள்வி: எங்கள் மார்க் பதிவுகள் எல்லாவற்றையும் பிப்ஃபிரேமுக்கு மாற்றிவிட்டால் இணைப்புத் தரவு ஆகிவிடும்தானே?

பதில்: ஆகாது. இணைப்புத் தரவு என்றால் ஆள், நூல் ஒவ்வொன்றுக்கும் இணைய முகவரி தந்து ஒன்றோடொன்று இணைப்பது. மார்க் என்பது நூல் விவரங்களைக் கணினியில் வைக்கும் பழைய வடிவம், பிப்ஃபிரேம் அதற்கு மாற்றாக வந்த வடிவம். அமெரிக்காவின் லைப்ரரி ஆஃப் காங்கிரஸ் இலவசமாகத் தரும் மாற்றுநிரல் இருக்கிறது, மாற்றுவது பெரிய வேலையே இல்லை. ஆனால் மார்க்கில் வெறும் எழுத்தாகக் கிடந்த ஆசிரியர் பெயர் அங்கே போயும் வெறும் எழுத்தாகத்தான் கிடக்கும். இன்னொரு சிக்கலும் உண்டு. 2016இல் வந்த பிப்ஃபிரேம் 2.0 ஒரு நூலைப் படைப்பு, வெளியீடு, பிரதி என மூன்று அடுக்காகப் பார்க்கிறது. ஒரே நாவலின் நான்கு பதிப்புக்கு நான்கு பதிவு இருந்தால் நான்கு ‘படைப்பு’ பிறந்துவிடும். அவற்றைச் சேர்க்க உதவுவது மார்க்கின் 240 புலத்தில் வரும் சீர்தலைப்பு, அதாவது எல்லாப் பதிப்புக்கும் பொதுவான தலைப்பு. பெரும்பாலும் அதைத்தான் யாரும் நிரப்பியிருக்க மாட்டார்கள். மொழிபெயர்ப்பாளர் பெயர் தலைப்புப் புலமான 245இல் மட்டும் இருந்து, கூடுதல் பெயர்ப் புலமான 700இல் இல்லையென்றால் அவரை இணைக்கத் தனி முனை உருவாகாது. முதலில் பெயர்ப் புலங்களான 100, 700க்கு அடையாள முகவரி (அந்தப் பெயருக்கான இணைய முகவரி) சேருங்கள். மாற்றம் அப்புறம்.

கேள்வி: அந்த முகவரியைத் துணைப்புலம் $0இல் போடுவதா, $1இலா?

பதில்: $0 அத்தாரிட்டி பதிவை, அதாவது ஒரு பெயரின் சீரான வடிவத்தை வைத்திருக்கும் பதிவைக் குறிக்கும், $1 அந்த ஆளையே குறிக்கும். லைப்ரரி ஆஃப் காங்கிரஸின் பெயர்ப் பதிவு முகவரி $0இல். வையாஃப் (பல நூலகங்களின் பெயர்ப் பதிவுகளின் தொகுப்பு), விக்கிடேட்டா (யாரும் திருத்தக்கூடிய பொதுத் தரவுத்தளம்) முகவரிகள் $1இல். விக்கிடேட்டாவில் அடிக்கடி நடக்கும் பிழை, உலாவியில் தெரியும் பக்க முகவரியை அப்படியே ஒட்டுவது. அதில் ‘விக்கி’ என்று இருக்கும் இடத்தில் ‘என்டிட்டி’ என்று இருக்க வேண்டும், தொடக்கமும் ‘எஸ்’ இல்லாத எச்டிடிபி. ஓர் எழுத்து மாறினாலும் கணினிக்கு அது வேறு முகவரிதான்.

கேள்வி: ஓப்பன்ரிஃபைன் என்ற தரவு துப்புரவு மென்பொருளில் தமிழ்ப் பெயர்களை விக்கிடேட்டாவோடு பொருத்தினேன். பாதிக்கு மேல் பொருந்தவில்லை, பொருந்தியதிலும் வேறு ஆட்கள் வருகிறார்கள்.

பதில்: இரண்டுக்கும் காரணம் வேறு. பொருந்தாததற்கு முதலில், எழுத்துகளைக் கணினி சேமிக்கும் யூனிகோடு குறியீட்டைப் பாருங்கள். ‘கொ’ என்பதை இரண்டு குறியீடாகவும் சேமிக்கலாம். க, ஒற்றைக்கொம்பு, கால் என மூன்றாக உடைந்தும் இருக்கலாம். திரையில் இரண்டும் ஒன்றே, ஒப்பிடும்போது வேறு. பெயர் நெடுவரிசையை, உடைந்த குறியீடுகளைச் சேர்த்து ஒரே முறையில் வைக்கும் என்எஃப்சி வடிவத்துக்கு மாற்றிவிட்டுத்தான் தொடங்க வேண்டும். ‘ஔ’ எழுத வேண்டிய இடத்தில் ‘ஒ’வும் ‘ள’வும் தட்டியிருப்பதை என்எஃப்சி சரிசெய்யாது, அதைத் தனியே தேடி மாற்றுங்கள். முதலெழுத்துக்குப் பின் புள்ளி, இடைவெளி எப்படி என்று ஒரே முறையில் கொண்டுவாருங்கள்.

தவறான ஆள் வருவது, பெயரை மட்டும் கொடுப்பதால். வகையை ‘மனிதர்’ என்று கட்டுப்படுத்துங்கள். பிறந்த ஆண்டு இருக்கும் நெடுவரிசையை உடன் அனுப்புங்கள். ஆண்டு இல்லையென்றால் ஒரு நூலின் தலைப்பைக் கையில் வைத்துக்கொண்டு பரிந்துரைகளைக் கண்ணால் பாருங்கள். மதிப்பெண் அதிகம் என்பதற்காக ஒட்டுமொத்தமாக ஏற்கும் பொத்தானை அழுத்தாதீர்கள். பொருந்தாத பெயரை அப்படியே விடலாம், கெடுதல் இல்லை. தவறாகப் பொருத்திய பெயர் மற்ற நூலகங்களுக்கும் பரவும், திரும்பப் பிடிக்க முடியாது.

கேள்வி: வையாஃப் எண் மட்டும் போதாதா?

பதில்: போதாது. வையாஃப் பல தேசிய நூலகங்களின் பதிவுகளைக் கணினியால் தொகுக்கிறது. மூலப் பதிவு மாறினால் தொகுப்பு பிரியும், அல்லது இரண்டு சேரும். மூலப் பதிவின் எண்ணையும் கூடவே வையுங்கள்.

கேள்வி: மூன்று நூலகங்கள் சேர்ந்து செய்ய நினைக்கிறோம். எதை முதலில் பேசி முடிக்க வேண்டும்?

பதில்: மென்பொருளை அல்ல. முதலில் உரிமம்: விக்கிடேட்டாவில் ஏற்றுவது எல்லாமே சிசி0 (யாரும் நிபந்தனையின்றிப் பயன்படுத்தலாம் என்ற உரிமம்), பிறகு திரும்பப் பெற முடியாது. விலைக்கு வாங்கிய பதிவுகள் உங்கள் தொகுப்பில் இருந்தால் ஒப்பந்தத்தைப் படித்துவிட்டு முடிவு செய்யுங்கள். அடுத்து, முகவரிகள் யார் பெயரில் நிற்கும்? திட்டத்துக்காக வாங்கிய இணையப் பெயரைப் புதுப்பிக்க ஆள் இல்லாமல் போனால் முகவரி அத்தனையும் செத்துவிடும். நிலையான ஒரு நிறுவனத்தின் பெயரில் வையுங்கள். மூன்றாவது, இரு நூலகங்கள் ஒரே ஆசிரியர் பற்றி முரண்பட்டால் யார் சொல்வது முடிவு என்பது. உயிரோடிருப்பவரின் முழுப் பிறந்த தேதியைப் பொதுவில் ஏற்றலாமா என்பதும் இதில்தான் வரும்; பெயர்க் குழப்பம் தீர ஆண்டு போதும் என்றால் ஆண்டோடு நிறுத்துவதே என் கருத்து.

கேள்வி: பட்டியலாக்குநர்களுக்கு மூன்று நாள் பயிலரங்கு நடத்தலாமா?

பதில்: நடத்தலாம், ஒரு மாதத்தில் மறந்துவிடுவார்கள். வாரம் ஒரு மணி நேரம் பணிநேரத்திலேயே ஒதுக்கி, அவரவர் நூலகத்தின் ஐம்பது பதிவுகளைக் கொடுங்கள். வரிசை: பெயர் துப்புரவு, பொருத்தல், விக்கிடேட்டாவில் கையால் ஓர் உருப்படி உருவாக்குதல், கடைசியில் ஸ்பார்க்கிள் என்ற வினவல் மொழி. ஸ்பார்க்கிளில் தொடங்கும் பயிற்சிகள் ஆளை மிரட்டிவிடுகின்றன. தான் ஏற்றிய ஆசிரியரே வினவலின் விடையில் வரும்போதுதான் அந்த மொழி பிடிபடும். மேலதிகாரி அந்த ஒரு மணி நேரத்தை வேலையாக எண்ணாவிட்டால் மேலே சொன்னது எதுவும் நடக்காது.

கேள்வி: முனைவர் பட்ட ஆய்வில் பொருத்தலின் தரத்தை எப்படி அளப்பது?

பதில்: பொருந்தியவற்றில் 200ஐத் தற்செயலாக எடுங்கள். இருவர், ஒருவர் முடிவை மற்றவர் பார்க்காமல், சரி அல்லது தவறு எனக் குறிக்கட்டும். இருவரும் எவ்வளவு ஒத்துப்போகிறார்கள் என்று சொல்லும் கோஹன் கப்பா அளவைக் கணக்கிடுங்கள். 190 சரி என்றால் 95 சதவீதம், பிழை எல்லை ஏறக்குறைய 3 புள்ளி மேலும் கீழும். கூடவே, பொருந்தாமல் விட்டவற்றிலும் இன்னொரு 200 எடுத்து, விக்கிடேட்டாவில் ஆள் இருந்தும் தவறவிட்டது எத்தனை என்று தேடுங்கள். பல ஆய்வேடுகளில் விடுபடுவது இந்த இரண்டாம் பாதிதான், தேர்வாளர் முதலில் கேட்பதும் அதைத்தான்.